குஞ்சுக்குப் பெயர் வைத்தவர்கள்

சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையில் பெயர் இல்லாத மீன் என்று ஒன்றை நான் கண்டதில்லை. கூடை எந்தக் கரையிலிருந்து வந்திருந்தாலும், அதன் அடியில் என்ன கிடந்தாலும், பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் அதற்கு ஒரு பெயர் சொல்லித்தான் விற்பாள். வஞ்சிரம், கொடுவா, சங்கரா, பாறை, சீலா, மடவை, கிழங்கான், காரப்பொடி. விரல் நீளப் பொடி மீனுக்கும் பெயர் உண்டு, கருவாட்டுக்குப் போகிற கழிவுக்கும் பெயர் உண்டு. அந்தச் சந்தைக்குச் சில தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. இத்தனை பெயர்களுக்கு நடுவே வளர்ந்த நான், என் இருபதுகள் முழுவதையும் பெயர் சொல்ல முடியாத மீன்களோடு கழித்தேன்.

1980களின் தொடக்கம் அது. கடற்கரைப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் மீன் லார்வாக்களை, அதாவது முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுகளை, ஆராயும் வேலை. அண்ணா சாலையைக் கடந்து வாலாஜா சாலை வழியாக நடந்தே போய்விடுவேன்; பறக்கும் ரயில் எங்கள் பேட்டைக்கு 1995-இல்தான் வந்தது. கடல் மீன்களில் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். நம் கடலின் வெதுவெதுப்பில் பல மீன்களின் முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். வெளியே வருகிற உயிர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி நூலின் ஒரு துண்டு போல இருக்கும். செதில் கிடையாது. துடுப்பில் முள் கிடையாது. வாய்கூட இன்னும் திறந்திருக்காது. வயிற்றடியில் தொங்கும் மஞ்சள்கருப் பைதான் அதற்குச் சில நாள் சாப்பாடு. தாயின் சாயல் ஒன்றுகூட அதனிடம் இருக்காது. ஆளுயரத்துக்கு வளரக்கூடிய வஞ்சிரமும் அப்படித்தான் தொடங்குகிறது, நெத்திலியும் அப்படித்தான்.

பெண்பிள்ளையைக் கட்டுமரத்தில் ஏற்றத் தயங்கிய நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர் எனக்காக விடியலில் வலை இழுத்துத் தருவார். மெல்லிய துணியில் தைத்த கூம்பு வலை. அதன் நுனியில் ஒரு புட்டி. கரைக்கு வந்ததும் அந்தப் புட்டியை என்னிடம் கொடுப்பார். நான் அங்கேயே அதில் ஃபார்மலின் ஊற்றுவேன், ஐந்து சதவீதம் நிற்கிற மாதிரி. கூடவே ஒரு சிட்டிகை போராக்ஸ். போராக்ஸ் போடாவிட்டால் ஃபார்மலினின் புளிப்பு குஞ்சின் காதெலும்பைக் கரைத்துவிடும். அந்தக் காலத்து மீன் ஆய்வாளர் எல்லோருடைய கையும் இந்த மருந்து வாசனை அடிக்கும். கண் எரியும். ஆனால் ஃபார்மலினில் போட்ட குஞ்சு வருடக்கணக்கில் உருக்குலையாமல் இருக்கும். எங்களுக்கு வேண்டியது அதன் உருவம், ஆகவே எங்கள் அலமாரியில் ஃபார்மலினே ஆண்டது.

பிறகு மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார வேண்டும். கேமரா லூசிடா என்று ஒரு சின்னக் கருவி உண்டு. பட்டகமும் கண்ணாடியும் சேர்ந்தது. அதை மைக்ரோஸ்கோப்பின் குழலில் மாட்டிவிட்டுப் பார்த்தால், குஞ்சின் உருவம் பக்கத்தில் விரித்திருக்கும் தாளின்மேல் விழுந்த மாதிரி தெரியும். அந்தக் கோட்டின்மேலேயே பென்சிலை ஓட்டி வரைந்துவிடலாம். வரைந்து முடித்து எண்ணத் தொடங்குவோம். உடம்பில் வரிவரியாகத் தெரியும் தசைக்கண்டங்கள் எத்தனை என்று பார்ப்போம். அது முதுகெலும்புக் கண்ணிகளின் எண்ணிக்கையோடு ஏறத்தாழ ஒத்துவரும். குடல் உடம்பில் எந்த இடத்தில் முடிகிறது, கரும்புள்ளிகள் தலையிலா, வயிற்றோரத்திலா, வாலடியிலா என்பதெல்லாம் கணக்கு. மத்தி, சூடை கூட்டத்துக் குஞ்சும் நெத்திலிக் குஞ்சும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். இரண்டும் நீளம், இரண்டும் ஒல்லி. கொஞ்சம் வளர்ந்த பிறகு சூடைக்கு முதுகுத் துடுப்பு முன்னாலும் குதத் துடுப்பு நன்றாகப் பின்னாலும் தள்ளி நிற்கும். நெத்திலிக்கு இரண்டும் நெருங்கி வந்து ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். அந்த நெருக்கத்தைத்தான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்போம். துடுப்பே முளைக்காத சின்னக் குஞ்சுக்கு அந்த வழியும் அடைபட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் வேண்டுமே. டெல்ஸ்மன் என்ற டச்சுக்காரர் 1920களிலும் 30களிலும் ஜாவாக் கடலின் மீன் முட்டைகளையும் லார்வாக்களையும் பற்றித் தொடர்ந்து எழுதிய கட்டுரைகள்தாம் எங்களுக்கு மூலநூல் மாதிரி. நம் கரைக்கென்று இருந்தவை குறைவு. எம்.ஏ. ஜான் 1951-இல் சென்னைக் கரையின் மீன் முட்டைகளையும் லார்வாக்களையும் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே ஆர்.வி. நாயர், சென்னைக் கடலின் மிதவை உயிரிகளுக்கு நடுவே கிடைத்த முட்டைகளையும் லார்வாக்களையும் விவரித்தார். மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையம் 1947-இல் பிறந்தது இதே சென்னையில்தான். பிறகு மண்டபத்துக்கும் அங்கிருந்து கொச்சிக்கும் போனது. அந்தத் தலைமுறை கையில் என்ன கருவி வைத்துக்கொண்டு எவ்வளவு பார்த்திருக்கிறது என்பதை அந்தக் கட்டுரைகளின் படங்களைப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் கண்வலியோடு வைத்த புள்ளி.

இத்தனையும் செய்த பிறகு பெயர் கிடைத்ததா என்றால், பல சமயம் குடும்பப் பெயரோடு நின்றுவிடும். இது சூடை கூட்டம், இது பாறை கூட்டம், அதற்கு மேல் போக முடியாது. ஆய்வேட்டில் 'வகை 1', 'வகை 2' என்று எழுதுவோம். உறுதியாகச் சொல்ல ஒரே வழி, சினை பழுத்த மீனையும் ஆண் மீனையும் உயிரோடு பிடித்து, முட்டையைப் பிழிந்து, விந்து சேர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, நாள்தோறும் வரைந்துகொண்டு போவது. வஞ்சிரத்தை உயிரோடு யார் கொண்டுவந்து தருவார்கள்? கொண்டுவந்தாலும் அதை எந்தத் தொட்டியில் வைப்பது?

நாங்கள் வேலையில் அசட்டையாக இருந்தோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். தைவானில் நூறு மீன் லார்வாக்களை எடுத்து, அனுபவமுள்ள ஐந்து ஆய்வகங்களுக்குக் கொடுத்து, உருவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பிறகு அதே லார்வாக்களின் மரபணுவைப் படித்துச் சரிபார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. குடும்பம் சரியாகச் சொன்னது சராசரியாக 80 சதவீதம். பேரினம் 41 சதவீதம். இனத்தின் பெயரைச் சரியாகச் சொன்னது 13.5 சதவீதம்தான். படித்தபோது எனக்கு மனம் கனத்தது. நல்ல கருவியும் நல்ல நூல்களும் கையில் இருந்த இந்த நூற்றாண்டு வல்லுநர்களுக்கே இதுதான் நிலை என்றால், குஞ்சின் உருவத்தில் அந்தத் தகவல் முழுமையாக இல்லவே இல்லை என்றுதான் பொருள்.

அந்த நாட்களில் எனக்கு மீனைச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் சந்தையில் மீன் விற்ற ஆயா. பெரிய மீனைத் தெரியாமல் குஞ்சைத் தெரிந்துகொள்ள முடியாது என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் சந்தைக்குப் போவேன். ஆயா என் கையை மோந்து பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, இப்டி மருந்து நாத்தம் அடிக்குது? இந்தக் கையாலயா சோறு துன்ற?" என்று கடிந்துகொள்வார். ஒருநாள் வெள்ளை வவ்வாலும் கறுப்பு வவ்வாலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் ஒரே கூட்டமா ஆயா என்று கேட்டேன். அவர் கறுப்பு வவ்வாலைத் தூக்கி, வாலுக்குக் கொஞ்சம் முன்னால் என் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"சொரசொரன்னுது பாரு. இப்ப பாறைய தொடு. அதே மாரி இருக்குதா? வெள்ளைக்கு இது கெடையாது. இது பாறை கூட்டம். வவ்வாலுன்னு பேரு வாங்கிக்கினு திரியுது."

வாலோரத்தில் பக்கக் கோடு முடிகிற இடத்தில் செதில்கள் தடித்து முள்தகடாகி நிற்கும். அது பாறைக் குடும்பத்தின் அடையாளம். மீனியல் நூல்களும் கறுப்பு வவ்வாலைப் பாறைக் குடும்பத்தில்தான் வைத்திருக்கின்றன. வெள்ளை வவ்வால் வேறு குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் விரல் நுனியால் அதைப் படித்து வைத்திருந்தார். நான் அன்றைக்கு அந்தச் சொரசொரப்பை என் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஆயாவின் பெயரையும் எழுதினேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஒரு ஆய்வு மாணவி தன் லார்வாக்களை எடுத்துக்கொண்டு அவ்வப்போது என்னிடம் வருகிறாள். அவளுடைய புட்டியில் ஃபார்மலின் இல்லை, 95 சதவீத ஆல்கஹால். குஞ்சை எடுத்து முதலில் படம் பிடிக்கிறாள். பிறகு ஊசியால் வாலோரத்தில் ஒரு துணுக்கு, சில சமயம் ஒரு பக்கத்துக் கண் மட்டும். மிச்ச உடம்பு எண் எழுதிய தனிப் புட்டிக்குப் போகிறது. அந்தத் துணுக்கைச் சதையைக் கரைக்கும் நொதியில் போட்டு வெதுவெதுப்பாக வைத்தால் டி.என்.ஏ. வெளியே வருகிறது. அதிலிருந்து ஒரே ஒரு பகுதியை மட்டும் பி.சி.ஆர். இயந்திரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக் கோடிக்கணக்கில் பெருக்கித் தருகிறது. அது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு துண்டு. ஏறத்தாழ 650 எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்து மட்டும் மாறி மாறி வரும் ஒரு நீண்ட வரி அது.

இந்த ஒரே துண்டைக் கொண்டு விலங்குகளுக்கெல்லாம் பெயர் சொல்லலாம் என்று 2003-இல் சொன்னவர் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட். டி.என்.ஏ. பார்கோடு என்று அதற்குப் பெயர் வந்தது. மீன்களில் அது செல்லுமா என்று ஆஸ்திரேலியாவில் பாப் வார்டும் அவர் கூட்டாளிகளும் 207 இன மீன்களைச் சோதித்து 2005-இல் எழுதினார்கள். ஒரே இனத்து மீன்களுக்குள் அந்த வரியில் இருக்கும் வேறுபாடு சராசரியாக 0.39 சதவீதம். ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களுக்கு நடுவே 9.93 சதவீதம். இருபத்தைந்து மடங்கு. அத்தனை பெரிய இடைவெளியில்தான் ஒரு குஞ்சின் பெயர் தெளிவாக நிற்கிறது. முட்டையானாலும், லார்வாவானாலும், சந்தையில் வெட்டி வைத்த துண்டமானாலும் அந்த வரி மாறுவதில்லை. நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து 'வகை 2' என்று எழுதியது போன்ற குஞ்சுக்கு அவள் சில நாளில் முழுப் பெயரோடு வந்து நிற்கிறாள். அந்தப் பட்டியலை முதல் தடவை என் கையில் கொடுத்தபோது, உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன். இந்த நாளைப் பார்க்க உயிரோடு இருக்கிறேனே என்று சந்தோஷமாக இருந்தது.

நம் கரையிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் வெள்ளாற்றுக் கழிமுகத்து மீன் லார்வாக்களை இதே முறையில் அடையாளம் கண்டு 2015-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 2011-இல், லக்ராவும் கூட்டாளிகளும் இந்தியக் கடல் மீன்களில் 115 இனங்களுக்குப் பார்கோடு எடுத்து வைத்திருந்தார்கள். இந்த 115 என்ற எண்ணைக் கவனியுங்கள். நம் கடல்களில் இருக்கும் மீன் இனங்கள் ஏறத்தாழ 2,400. அதற்குப் பிறகு எத்தனையோ சேர்ந்திருக்கின்றன என்றாலும், என்னை உறுத்தும் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

குஞ்சின் வரியைப் படித்துவிட்டால் மட்டும் பெயர் வந்துவிடாது. அந்த வரியை ஒரு பெரிய களஞ்சியத்தில் இருக்கும் வரிகளோடு ஒப்பிட வேண்டும். களஞ்சியத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் பெரிய மீனைக் கையில் எடுத்து, துடுப்பு முள்ளை எண்ணி, செதிலை எண்ணி, இது இன்னதுதான் என்று தீர்மானித்துப் பெயர் எழுதிய மீனிலிருந்து வந்தது. அந்த மீன் அங்கே இல்லையென்றால் குஞ்சுக்குப் பெயர் இல்லை. வரி மட்டும் கையில் நிற்கும். மீனுக்கு வைத்த பெயரே தவறு என்றால் அதன் பின்னால் வருகிற குஞ்சுகள் அத்தனைக்கும் அதே தவறான பெயர் ஒட்டிக்கொள்ளும். பொதுக் களஞ்சியங்களில் அப்படித் தவறாகப் பெயரிட்ட வரிகள் இருக்கின்றன என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. இயந்திரத்துக்கு மீனைத் தெரியாது. நாம் சொல்லிக் கொடுத்த பெயரைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

அன்றைக்கு மீனைத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள், இந்த இயந்திரம் இல்லை. இன்றைக்கு இயந்திரம் வந்துவிட்டது; மீனைக் கையில் எடுத்துப் பெயர் சொல்பவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பது குறைந்துவிட்டது. வகைப்பாட்டியல் படித்தால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகளிடம் சொல்லப்படுகிறது. மரபணுவைப் படிக்கத் தெரிந்த பத்துப் பேருக்கு நடுவே துடுப்பு முள்ளைச் சரியாக எண்ணத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் களஞ்சியம் பெருகும், நம்பகம் பெருகாது.

ஃபார்மலின் விஷயத்தைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. 1960களின் முதற்பாதியில் இந்தியப் பெருங்கடல் முழுவதையும் ஆராயப் பல நாட்டுக் கப்பல்கள் வந்தன. நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கிஸ்த்னாவும் போனது. அந்தப் பயணங்களில் இழுத்த வலைகளின் புட்டிகள் கொச்சியில் இதற்கென்றே தொடங்கிய மையத்துக்கு வந்து, அங்கே பிரித்து அடுக்கப்பட்டன. மீன் லார்வாக்களைத் தனியாகப் பிரித்து எந்தக் கடலில் எவ்வளவு என்று கே.ஜே. பீட்டர் வரைபடங்கள் தயாரித்தார். நம் கரையில் மத்தி பெருகுவதற்கும் இழுவைப் படகுகள் கடலை வழிப்பதற்கும் முந்தைய கடல் அது. அந்தக் குஞ்சுகளின் மரபணுவை மட்டும் இன்றைக்குப் படிக்க முடிந்தால்! ஆனால் ஃபார்மலின் டி.என்.ஏ.வை முடிச்சுப் போட்டு இறுக்கி, உடைத்தும் விடுகிறது. பெரும்பாடு பட்டால் சின்னச் சின்னத் துணுக்குகள் கிடைக்கலாம். 650 எழுத்து முழுசாக வருவது அரிது. உருவத்தைக் காப்பாற்ற நாங்கள் ஊற்றிய மருந்தே உள்ளே இருந்த எழுத்தைக் குலைத்துவிட்டது. ஆல்கஹால் விலை கூடுதல், அதில் குஞ்சு சுருங்கும், வரைவதற்கு ஆகாது; அன்றைய அறிவுக்கு ஃபார்மலினே சரி. இருந்தாலும் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் பத்துக் குஞ்சை மட்டும் யாராவது ஆல்கஹாலில் போட்டிருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அடுத்த ஐம்பது வருஷத்தில் எந்தக் கருவி வரும் என்று நமக்கும் தெரியாது. அதனால் மாணவியிடம் இரண்டு புட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாதி ஆல்கஹாலில், பாதி ஃபார்மலினில்.

குஞ்சையும் தாயையும் சேர்த்து வைக்க முடியாமல் போனால் எவ்வளவு தூரம் தடுமாறலாம் என்பதற்கு ஆழ்கடலில் ஒரு கதை உண்டு. கடலின் மேல்மட்டத்தில் நீண்ட வால்நூலோடு திரியும் ஒரு சின்ன மீன். ஆழத்தில் பெரிய மூக்கோடு ஒரு மீன். அதே ஆழத்தில் திமிங்கலத் தலை மாதிரி வாயோடு இன்னொரு மீன். மூன்றையும் மூன்று தனிக் குடும்பங்களாகப் பல்லாண்டுகள் நூல்களில் வைத்திருந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் படித்தபோது முதல் சந்தேகம் வந்தது. ஸ்மித்சோனியனின் டேவிட் ஜான்சனும் கூட்டாளிகளும் 2009-இல் தீர்த்துச் சொன்னார்கள்: முதலாவது லார்வா, இரண்டாவது ஆண், மூன்றாவது பெண். ஒரே குடும்பம். அதை உறுதிசெய்ததில் மரபணுவுக்கு மட்டும் பங்கு இல்லை. குஞ்சிலிருந்து பெரியதாக மாறிக்கொண்டிருந்த நிலையில் சிக்கிய சில மீன்களை அவர்கள் கண்ணால் பார்த்து, எலும்பை ஆராய்ந்தார்கள். எழுத்தும் உருவமும் கைகோத்த இடம் அது. அதனால்தான் அந்தக் கட்டுரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வீட்டுக்குப் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். சந்தைக்குப் பின்னால் ஓடுவது கூவம். கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறி, அலையும் பெரிய மீனின் வாயும் இல்லாத தண்ணீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மடவைக் குஞ்சுகள் அப்படித்தான். கொடுவாவும் அப்படித்தான். கூவத்தில் 1949-இல் 49 வகை மீன்கள் இருந்ததாகப் பதிவு உண்டு. 1970களின் முடிவில் அது 21 ஆனது. 2000-த்துக்குப் பிறகு நகரப் பகுதியில் மீனே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த 49 வகையில் கடலிலிருந்து ஏறுகிறவற்றின் குஞ்சுகள் கழிமுகத்தில் நேப்பியர் பாலத்தடியில் உள்ளே வந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றுக்குப் பெயர் சொல்ல நம்மிடம் கருவி இல்லை. இன்றைக்குக் குஞ்சைப் பிடிக்கக்கூட வேண்டாம். ஒரு குடுவைத் தண்ணீரை வடிகட்டி அதில் உதிர்ந்திருக்கும் டி.என்.ஏ.வைப் படித்தே எந்தெந்த மீன் அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கூவத்துத் தண்ணீரில் அந்தச் சோதனை செய்தால் சந்தையில் மீன் கழுவிய தண்ணீர்தான் பதில் சொல்லும் என்று நினைக்கிறேன். இந்த ஆற்றைத் திரும்பக் கொண்டுவர எத்தனையோ திட்டங்கள் பேசப்படுகின்றன. கரையில் பூங்கா வைத்ததை வைத்து அவற்றை அளக்க வேண்டாம். மடவைக் குஞ்சு ஏறுகிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கும் கருவி இப்போது இருக்கிறது.

குஞ்சின் பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சந்தையில்தான் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஏப்ரல் 15-லிருந்து 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2017-லிருந்து அது 61 நாள், ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காகத்தான் இந்தத் தடை. எல்லா மீனும் அந்த 61 நாளிலேயே முட்டையிடுவதில்லை. எது எப்போது, எந்த இடத்தில் முட்டையிடுகிறது என்று நேரடியாகச் சொல்லக்கூடிய சாட்சி, சில நாள் வயதான குஞ்சுதான். அது எங்கே கிடைக்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் முட்டை விழுந்திருக்கும். நான் படித்த காலத்தில் மத்தி மேற்குக் கரையின் மீன். 1980களின் பிற்பாதியிலிருந்து நம் கரையிலும் அது படியத் தொடங்கி, இப்போது சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. மாதம்தோறும் கிடைக்கும் சூடைக் கூட்டத்துக் குஞ்சுகளில் எது மத்தி என்று பிரித்துவிட்டால், மத்தி எந்தெந்த மாதங்களில் இங்கே முட்டையிடுகிறது என்று தெரிந்துவிடும். உருவத்தை வைத்து மத்திக் குஞ்சையும் சூடைக் குஞ்சையும் பிரிப்பது பெரும்பாடு. 650 எழுத்துக்கு அது எளிது.

சந்தைக்கு இப்போது புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஆயா காலமாகிவிட்டார், அவருடைய மருமகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். களஞ்சியத்துக்கு மாதிரி மீன் வாங்க நானும் மாணவியும் அவளிடம்தான் போகிறோம். முழு மீனாக, செவுள் கிழிக்காமல், துடுப்பு ஒடியாமல் வேண்டும் என்று சொன்னதும் காசிமேட்டிலிருந்து வரும் கூடையில் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள். எதற்கு இதெல்லாம் என்று விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டுவிட்டு, "தடை முடிஞ்சும் வயித்துல சினையோட வருதுக்கா மீனு. எந்த மீனு எந்த மாசம் சினை வுடுதுன்னு உங்க மிஷினு சொல்லுமா?" என்றாள்.

மிஷின் தானாகச் சொல்லாது அம்மா, மாதம் தவறாமல் ஒரே இடத்தில் வலை இழுத்து, வருகிற குஞ்சுக்கெல்லாம் பெயர் எழுதி, சில வருஷம் விடாமல் செய்தால் சொல்லிவிடலாம் என்றேன்.

"அப்ப மொதல்ல சங்கராவுக்குப் பாருக்கா. அதான் வர வர சின்னச் சின்னதா வருது. வாங்கறவங்க எங்களத் திட்றாங்க."

அவள் பலகையில் சங்கரா என்ற ஒரே பெயரில் கிடந்த ஒரு கூறை அப்படியே வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்தோம். வாலின் மேல்நுனியில் நூல் நீண்டிருப்பது எது, இல்லாதது எது, பக்கவாட்டு மஞ்சள் கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டே வந்தோம். கூறுக்குள் இரண்டு இனம் இருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு மீனைப் படம் எடுத்து, முள் எண்ணி, துணுக்கு வெட்டி, முழு உடம்பை எண்ணிட்டு வைத்தோம். பிடித்த இடம், நாள், அடையாளம் சொன்னவர் என்ற மூன்று இடங்கள் அட்டையில் உண்டு. மூன்றாவது இடத்தில் யார் பெயரை எழுதுவது மேம் என்று மாணவி கேட்டாள். இரண்டு பேர் பெயரையும் எழுது, அவளுடையதை முதலில் எழுது என்றேன்.